டோனட் எழுதிய பலகை

கால்டர் வறண்ட ஏரியில் பறந்து செத்தவர்களில் ஒருவர்கூட இயந்திரக் கோளாறால் செத்ததில்லை. சந்தேகம் இருப்பவர்கள் கிளப்பின் தகரக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். விழுந்த ஒவ்வொரு ஜைரோவின், அதாவது தலைக்கு மேல் இறக்கை சுற்றும் குட்டி விமானத்தின், இறக்கை நுனியையும் அறுத்து வந்து அங்கே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெயர், அதற்குக் கீழே காரணம். காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "தள்ளினான்." ஒன்றில் மட்டும் "குடித்துவிட்டுத் தள்ளினான்" என்று இருந்தது. அதுவும் அந்த ஆள் கிளப்புக்குச் சந்தா பாக்கி வைத்திருந்தார் என்ற கோபத்தில் எழுதியது.

தள்ளினான் என்றால், கையிலிருக்கும் பிடியை முன்னால் தள்ளினான் என்று அர்த்தம். ஜைரோவில் தலைக்கு மேலே சுற்றும் இறக்கைக்கு எஞ்சின் கிடையாது. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு விசிறியைச் சுற்றி ஆளை முன்னால் தள்ளும். ஓடுகிற வேகத்தில் காற்று கீழிருந்து இறக்கைக்குள் புகுந்து அதைச் சுற்றிவிடும். அந்தக் காற்று ஒரு நொடி புகாமல் போனால் மேலே தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் எஞ்சினுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குத் தள்ளும், வண்டி மூக்கைக் கவிழ்த்துக் குட்டிக்கரணம் போட்டுவிடும். பிடியை முன்னால் தள்ளினால் அந்தக் காற்று அறுந்துபோகும், அதனால் தள்ளக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். குட்டிக்கரணம் போட்டவன் தள்ளியிருக்கிறான். தள்ளாதவன் குட்டிக்கரணம் போட மாட்டான். எந்தக் கோர்ட்டிலும் இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்பு வராது.

தீர்ப்புச் சொல்கிறவன், ஏரிக்கரையில் டோனட் விற்கும் வெர்னாவின் புருஷன் ஹார்லன் ஸ்ட்ரூபே. கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி. மோஹாவே பாலைவனத்தில் அவனைப்போல ஜைரோ ஓட்ட ஆள் கிடையாது என்பதால் அந்தப் பதவி. விபத்து நடந்தால் அவன் செய்யும் விசாரணைக்கு ஒரு சடங்கு உண்டு. விழுந்த வண்டி எந்த மாதிரியோ, அதே மாதிரி இன்னொரு வண்டியில் ஏறி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவான். ஹெல்மெட்டைக் கழற்றுவான். "வண்டியில ஒண்ணும் இல்ல" என்பான். இருப்பதிலேயே கெட்டிக்காரன் விழவில்லை, ஆகவே செத்தவன்தான் தப்புச் செய்தான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் பல் டாக்டர். இந்தக் கணக்கில் யாருக்கும் ஓட்டை தெரியவில்லை.

எழுபத்துநாலாம் வருஷம் வெண்டெல் ஆக்ஸ் விழுந்தபோதும் இதேதான் நடந்தது. வெண்டெல், ஹார்லனின் இருபது வருஷச் சிநேகிதன். அவன் ஓட்டியது ஹார்லன் வரைந்து கொடுத்த வண்டி. அதை "கொக்கு" என்பார்கள். பெரிய விசிறி வைக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினை உயரத்தில் தூக்கி வைத்து, ஆளைக் கீழே உட்கார வைத்த வண்டி. பார்க்க ஒல்லியாக, அழகாக இருக்கும். உலகத்திலேயே இரண்டுதான் இருந்தன, ஒன்று ஹார்லனுடையது, ஒன்று வெண்டெலுடையது. ஒரு சனிக்கிழமை காலை வெண்டெலுடையது மேலே இரண்டு தடவை தலையாட்டியது, மூன்றாவது தடவை கவிழ்ந்தது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஹார்லன் தன் கொக்கில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இறங்கும்போது கண் சிவந்திருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

வெண்டெலின் மனைவி லூயெல்லா வெர்னாவின் ஸ்டேஷன் வேகனில் உட்கார்ந்திருந்தாள். "வெர்னா, அவன் தள்ளியிருப்பானா?" என்று கேட்டாள். "கோழி பிடிக்கக்கூட பயப்படற ஆள்தான். ஆனா மேல போனா அவ்வளவு நிதானமா இருப்பானே."

"ஹார்லன் அப்படித்தான் சொல்றான், கண்ணு."

"ஹார்லன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் லூயெல்லா. அதற்குப் பிறகு அவள் ஏரிப் பக்கமே வரவில்லை.

வெர்னாவுக்கு எஞ்சின் ஜாதகமெல்லாம் தெரியாது. சனிக்கிழமை தோறும் ஸ்டேஷன் வேகனின் பின்கதவைத் திறந்துவைத்து, காப்பியும் எண்ணெயில் பொரித்த சூடான டோனட்டும் விற்பாள். புருஷன் இறங்கும் வரை வானத்தைப் பார்ப்பாள். அவள் பார்த்தது ஒன்றுதான்: பறக்கும்போது ஹார்லனின் வலது கை சும்மா இருப்பதே இல்லை. குழம்பு அடிபிடிக்காமல் கிண்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில்கூடப் போர்வைக்கு மேல் அந்தக் கை துடிக்கும். கேட்டால் அவனுக்கே தெரியாது. "கொக்கு தானா பறக்கும், வெர்னா. நான் சும்மா கையை வெச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்பான்.

அந்தக் கைதான் அவளைப் பயமுறுத்தியது. முன்பெல்லாம் ஹார்லன் சாப்பாட்டு மேசையில் ஈயைப் பறக்கும்போதே பிடிப்பான். விருந்தாளிகளுக்குக் காட்டுகிற வித்தை அது. வெண்டெல் செத்த வருஷத்துக் குளிர்காலத்தில் ஈ தப்பித்துப் போக ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஈ தப்பினால் என்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கை ஒரு தடவை தாமதித்தால் சுவரில் அடுத்த பெயர் ஸ்ட்ரூபே. அதற்குக் கீழே என்ன எழுதுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் பருத்திக்காட்டுக்கு மருந்தடிக்கும் பைலட் செல்சோ ஒரு நாள் டோனட் தின்ன வந்து, வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னய்யா இது, எதுக்குமே படுக்கை வால் இல்ல? ஒரு கோழிக்குக்கூட இருக்கே. பின்னால ஒரு தட்டைப் பலகை வெச்சா மூக்கு இப்படி ஆடாதுய்யா."

கிளப் தலைவர் பட் டாக்கெட் வாயிலிருந்த டோனட்டை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சின்னப் புள்ளைங்க சைக்கிளுக்குப் பக்கத்துல ரெண்டு குட்டிச் சக்கரம் மாட்டுவாங்க, பாத்திருக்கியா? அதான் அது. எங்களுக்கு ஓட்டத் தெரியும் தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்லன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் வெர்னா மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தச் செல்சோ சொன்னது..."

"அவன் பூச்சிமருந்து அடிக்கறவன்."

"டெக்சஸ்ல ஒரு கிளப்பே அப்படி மாட்டிட்டாங்களாமே."

"டெக்சஸ்காரங்களுக்குக் கை நடுக்கம்."

"ஹார்லன், எனக்காக ஒண்ணு மாட்டிக்கயேன். யார் சிரிச்சா என்ன?"

ஹார்லன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "சிரிக்கறதுக்கு இல்ல, வெர்னா. நான் வால் மாட்டினா, வால் இல்லாததுதான் காரணம்னு ஆயிடும். அப்ப வெண்டெல் தள்ளல. அப்ப அவனைக் கொன்னது யாரு? வரைஞ்சு குடுத்தவன். நீ சொல்லு, நான் லூயெல்லா முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றான். பிறகு வண்டியைக் கிளப்பினான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

செத்தவன் மேல் பழி இருக்க வேண்டும், அதற்காக உயிரோடு இருப்பவனும் சாகத் தயார். இப்படி ஒரு மானஸ்தனோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு நேராகப் பேசிப் பயனில்லை என்பது தெரியாதா என்ன! வெர்னா அடுத்த வாரம் மரக்கடைக்குப் போனாள். லேசான மரச்சட்டம் அடித்து, துணி இழுத்துக் கட்டி, மெழுகுப்பூச்சுப் பூசி, படுக்கைவாட்டில் மாட்டும்படி ஒரு பலகை செய்தாள். கீழ்ப்பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: வெர்னா டோனட். பக்கத்தில் நடுவில் ஓட்டையோடு ஒரு டோனட் படம்.

சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு நேராக பட் டாக்கெட்டிடம் போனாள். "பட், என் கடைக்கு விளம்பரம் வேணும். இதை உன் வண்டி பின்னால மாட்டிக்க. மாட்டறவங்களுக்கு சீசன் முழுக்க டோனட் இலவசம்."

பட் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போர்டுன்னா நிமிந்து நிக்கணும். இது படுத்துக்கிட்டு இருக்கே?"

"மேல பறக்கற வண்டியைக் கீழ இருந்துதானே பாப்பாங்க?"

"அதுக்கு ஏன் கடைசியில, விசிறிக்குப் பின்னால?"

"முன்னால மாட்டினா சக்கரம் எழுத்தை மறைக்குமே."

பட் அவள் முகத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு டோனட் தட்டைப் பார்த்தார். "சர்க்கரை தூவினதும் இலவசமா?"

"அதுவும்தான்."

அடுத்த மாதத்துக்குள் ஏரியில் இருந்த வண்டிகள் எல்லாம் டோனட் விற்க ஆரம்பித்தன. உயிருக்குப் பயந்து மாட்டாத ஆண்பிள்ளைகள் சர்க்கரை தூவிய டோனட்டுக்காக மாட்டிக்கொண்டார்கள். பல் டாக்டர்கூட மாட்டினார். கடைசியாக மிஞ்சியது ஹார்லன்.

"பொண்டாட்டி கடைக்கு ஊரே விளம்பரம் பண்ணுது, புருஷன் பண்ண மாட்டேங்கறான்" என்று பட் கேலி செய்தார். "என்ன ஹார்லன், வீட்ல சண்டையா?"

ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டே பலகையை வாங்கிக்கொண்டான். மாட்டும்போது மட்டும் அவன் முணுமுணுக்கவில்லை என்பதை வெர்னா கவனித்தாள். வண்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு, உட்கார்ந்து, மூக்கு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, பலகையின் கனத்துக்கு ஈடாக பேட்டரியை முன்னால் நகர்த்தினான். டோனட் விளம்பரத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டது அவன் ஒருவன்தான் என்று அவள் நினைத்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் போனபோது மற்ற வண்டிகளிலும் பேட்டரி இடம் மாறியிருந்தது. அதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் சுவரில் புதிதாக எதுவும் ஏறவில்லை. ஹார்லனின் கை பறக்கும்போது மடியில் தூங்கும் பூனையைப் போலக் கிடந்தது. போர்வைக்கு மேல் துடிப்பதும் நின்றுவிட்டது. வெர்னாவும் கூடவே தூங்கினாள்.

விபத்து இல்லாததற்குக் காரணம் தேட வேண்டுமே. கிளப் கூடிப் பேசி, "பிடியைத் தள்ளாதே" என்று ஹார்லன் வருஷக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியது கடைசியில் மண்டையில் ஏறிவிட்டது என்று முடிவு செய்தது. வருடாந்திரக் கூட்டத்தில் அவனுக்குக் கேடயம் கொடுப்பதென்றும், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு விமானப் பத்திரிகைக்காரனைக் கூப்பிடுவதென்றும் ஏற்பாடாயிற்று.

பத்திரிகைக்காரன் கழுத்தில் இரண்டு கேமராவோடு வந்து இறங்கினான். கொக்கைச் சுற்றி வந்து பார்த்தான். "பிரமாதமான வண்டி, மிஸ்டர் ஸ்ட்ரூபே. இதைத்தான் அட்டையில போடப் போறேன். அந்த டோனட் போர்டை மட்டும் கழட்டிடுங்க. எங்க பத்திரிகையில இன்னொருத்தர் விளம்பரம் அட்டையில வரக் கூடாது."

அங்கே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற ஆட்கள். பல் டாக்டர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பட் தொப்பியைக் கழற்றி அதற்குள் ஏதோ தேடினார்.

"கழட்டலாமே" என்றான் ஹார்லன். "வெறும் போர்டுதானே."

வெர்னா எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு பட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பட், அது போர்டு இல்ல. அது வால். நான்தான் எல்லாரையும் ஏமாத்தினேன். அவனைத் தடுங்க."

பட் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாங்க என்ன முட்டாளா வெர்னா? வால் எது, போர்டு எதுன்னு தெரியாமலா மாட்டினோம்?"

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்."

"அப்ப சொல்லித் தொலையுங்களேன்!"

"யார் சொல்றது? சொன்னா அந்தச் சுவத்துல இருக்கறது அத்தனையும் பொய்யாயிடுமே. எங்க அண்ணன் பேரும் அதுல இருக்கு. எழுதினது நான்."

ஹார்லன் ஸ்பேனரோடு குனிந்திருந்தான். வெர்னா ஓடிப் போய் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் ஹார்லன். உன் கைக்குப் பழக்கம் விட்டுப் போச்சு. ரெண்டு வருஷமா அது சும்மாதான் இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஒரே ஒரு சுத்து, வெர்னா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எனக்கு ஒரு போர்டு முக்கியம்னு நெனச்சியா? நீ வேணும்டா எனக்கு."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். மெதுவாகத்தான் எடுத்தான். பேட்டரியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். அது வால் என்று அவன் ஒப்புக்கொண்டது அந்த ஒரு காரியத்தில்தான், அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

கொக்கு ஓடிக் கிளம்பி இருநூறு அடி ஏறியது. கேமரா கிளிக் கிளிக் என்றுகொண்டே இருந்தது. ஏரியின் நடுவில், வெயில் ஏறிய மண்ணிலிருந்து எழும்பிய ஒரு காற்றில் மூக்கு லேசாகத் தூக்கியது. ஹார்லன் கை அதை அமர்த்தியது, ஆனால் ஒரு கண்ணிமைப்புத் தாமதமாக. மூக்கு தாழ்ந்தது. தூக்கினான், அதுவும் தாமதம். இப்போது மூக்கு இன்னும் உயரத் தூக்கிற்று. வெண்டெலுடையது இரண்டு தடவைதான் ஆடியது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. வெர்னா கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது எஞ்சின் சத்தம் நின்றது. ஹார்லன் பிடியை அசையாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எஞ்சினை அணைத்துவிட்டான். பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லாமல் போனதும் வண்டி தொங்கி நிதானித்தது, ஏரியின் அந்தக் கோடியில் தடாலென்று இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்தது. இறக்கை மண்ணில் அடித்து ஒடிந்தது. ஹார்லனுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடிந்தது.

வெர்னா ஸ்டேஷன் வேகனை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினாள். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "நான் தள்ளினேனா?"

"இல்ல. நீ தள்ளவே இல்ல. நான் உன் கையையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நானும்தான்" என்றான் ஹார்லன்.

வழக்கப்படி ஒடிந்த இறக்கை நுனி சுவருக்கு வந்தது. காரணம் என்ன எழுதுவது என்று கூடிப் பேசினார்கள். "காற்று" என்றார் ஒருத்தர். "எஞ்சின்" என்றார் பல் டாக்டர். ஹார்லன் ஒரு கை தூளியில் தொங்க, மறு கையில் பிரஷ்ஷை வாங்கி, தன் பெயருக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினான்: "தெரிந்தே கழற்றினான்." பிறகு கத்தியால் வெண்டெலின் பெயருக்குக் கீழிருந்த சொல்லைச் சுரண்டினான். இடது கைக்குப் பழக்கமில்லாததால் வெகு நேரம் பிடித்தது, யாரையும் உதவ விடவில்லை. அங்கே எழுதினான்: "வால் இல்லை. வரைந்தவன் ஸ்ட்ரூபே."

பிரஷ்ஷை பட்டிடம் நீட்டினான். பட் தன் அண்ணன் பெயருக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பத்திரிகையில் அட்டைப்படம் வரவில்லை. உள்ளே ஓரத்தில், சாய்ந்து கிடக்கும் கொக்கின் சின்னப் படம் வந்தது. கீழே "ஓட்டியவர் தவறு" என்று போட்டிருந்தார்கள். அந்தக் கிளப்பின் சரித்திரத்தில் அந்த வார்த்தை சரியாகப் பொருந்தியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சனிக்கிழமை வெர்னா பார்ஸ்டோவில் இருந்த லூயெல்லா வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கெஞ்சித்தான் கூட்டி வந்தாள். லூயெல்லா கொட்டகைச் சுவர் முன்னால் நின்று படித்தாள். எழுத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப அவன் தள்ளல."

"தள்ளல" என்றான் ஹார்லன். "என் வண்டிதான்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

ஹார்லன், போன சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "பலகை மாட்டின அன்னிக்கே தெரியும்" என்றான்.

"ரெண்டு வருஷம்." லூயெல்லா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கெல்லாம்?"

பட் பாதி தின்ற டோனட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பதில் அதிலேயே இருந்தது.

"என் பையன் கேட்டான், அப்பா எப்படிச் செத்தார்னு. பயந்து தள்ளிட்டார்னு சொன்னேன். என் வாயாலயே சொன்னேன்." அவள் கடைசியாக வெர்னாவைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும், வெர்னா?"

வெர்னாவின் கையில் தட்டு இருந்தது. லூயெல்லாவுக்காகவே தனியாக, சர்க்கரை தூவி எடுத்து வைத்தது. புருஷனைக் காப்பாற்றிய சாமர்த்தியத்தை இரண்டு வருஷமாக அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த அந்தச் சொல்லை அந்தச் சாமர்த்தியம்தான் அங்கேயே ஒட்டி வைத்திருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

"அதுக்கும் முன்னாடியே" என்றாள்.

லூயெல்லா தட்டைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. "பையன்கிட்ட சொல்லணும். என்னைக் கொண்டுபோய் விடு" என்றாள். வெர்னா அறுபது மைல் ஓட்டிப் போய் அவளை விட்டாள்.

திரும்பி வந்ததும் வெர்னா பெயின்ட் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு பலகையாக மஞ்சள் எழுத்தை அழித்தாள். ஆண்பிள்ளைகள் வண்டிக்கு அடியில் குனிந்து, அவளுக்கு டப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். டோனட்டுக்கு அன்றிலிருந்து காசு வாங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் வாலைக் கழற்றவும் இல்லை.